சஷ்டியும் ரூனா சலாட்டும்

ஒக்டோபர் 10, வியாழன்

எழுதச் சொன்னார்கள், எழுதுகிறேன். கிளினிக்கில் மரிசெல் என்ற பிலிப்பினோப் பிள்ளை இந்தக் கொப்பியைத் தந்து, ஆரணி என்ன சாப்பிட்டாள், எனக்கு எப்படி இருந்தது, இரண்டையும் எழுதிவரச் சொன்னாள். என் மகள் சாப்பிடுவதை எழுத ஒரு வரி போதும். எனக்கு எப்படி இருந்தது என்று கேட்டு இதுவரை எவரும் கொப்பி தந்ததில்லை. தமிழில் எழுதினால் அங்கே ஒருவருக்கும் விளங்காது, அது ஒரு வசதி.

ஆரணிக்குப் பதினாறு வயது. கோடை லீவில் சோற்றை விட்டாள். பிறகு பாணை விட்டாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளின் டயற் என்று நானும் விட்டுவிட்டேன். பள்ளிக்கூடத்தில் ஓடும்போது மயங்கி விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரி, டொக்டர், இந்த கிளினிக் எல்லாம்.

மரிசெல் சாப்பாட்டு விஷயம் படித்தவள். வயிற்றுக்கு ஒன்றும் வராவிட்டால் உடம்பு தன் தசையையே தின்னத் தொடங்கும், இருதயமும் ஒரு தசைதான் என்றாள். ஸ்காபரோவில் வீடு வரும்வரை காரில் அந்த ஒரு வசனம்தான் என் காதுக்குள் இருந்தது.

பயமில்லாமல் சாப்பிடக்கூடிய ஒரு சாப்பாட்டைச் சொல்லச் சொல்லி ஆரணியிடம் கேட்டார்கள். நெடுநேரம் யோசித்துவிட்டு "ரூனா பாஸ்தா சலாட்" என்றாள். எனக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. நான் வேலை செய்கிற இடத்தில் சுப்பர்மார்க்கெற்றுகளுக்குச் சலாட் அடைக்கிறோம். அந்தச் சலாட் வாளி வாளியாக என் கையால் போயிருக்கிறது. ஒருநாளும் நான் வாயில் வைத்ததில்லை. மூடி நெளிந்த டப்பாக்களை வீட்டுக்குக் கொண்டுவருவேன், சின்ன வயதில் ஆரணி உடுப்புத் தோய்க்கிற மெஷினுக்கு மேல் ஏறியிருந்து சாப்பிடுவாள். அதை அவள் மறக்கவில்லை.

மரிசெல்லுக்கு அது நல்ல தெரிவாம். பாஸ்தாவில் மாச்சத்து, மீனில் புரதம், மயோனைஸில் மூளைக்கும் மாதவிடாய் திரும்புவதற்கும் தேவையான கொழுப்பு. எல்லாம் ஒரே கோப்பையில். நாங்கள்தான் போட்டுக்கொடுக்க வேண்டும், பக்கத்தில் இருக்க வேண்டும். கோப்பையைப் பற்றிக் கதைக்கக் கூடாது. பிள்ளை இடையில் நின்றுவிட்டால், "அவசரமில்லை, நான் இருக்கிறேன்" என்று மட்டும் சொல்ல வேண்டும்.

"ஆர் அவளோடை சேர்ந்து சாப்பிடுவீங்கள்?" என்ற மாதிரி ஒரு கேள்வி கேட்டாள். நான் வேலைக்கு லீவு போட்டுவிட்டேன், நான் இருப்பேன் என்றேன். அதை எழுதிக்கொண்டாள்.

ஒக்டோபர் 12, சனி

கௌரி விரதம் தொடங்கிவிட்டது. தீபாவளி அமாவாசை வரை இருபத்தொரு நாளும் ஒரு நேரச் சாப்பாடு. மேல் வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் புழங்க முடியாது. நல்லவேளையாக எங்கள் ஆட்கள் எல்லோரையும் போல எங்களுக்கும் நிலவறையில் ஒரு குசினி இருக்கிறது, மீன் பொரிக்கவும் நண்டு காய்ச்சவும். சலாட்டை அங்கே செய்தேன். குட்டிக் குழாய் மக்கரோனியை அவித்து ஆறவிட்டு, ரின் மீனைப் பிழிந்து உதிர்த்து, மயோனைஸ், பொடியாக அரிந்த செலறி, வெங்காயம், பச்சைப் பட்டாணி. கொஞ்சம் தேசிக்காய்ப்புளி. மிளகுத்தூள் என் கணக்கில் போட்டேன், அந்த வெள்ளைச் சாப்பாட்டுக்கு அதுவும் இல்லாவிட்டால் எப்படி.

ஆரணி படியிலிருந்து அதன் சரித்திரம் சொன்னாள். நூறு வருடத்துக்கு முன்னர் அமெரிக்காவின் மேற்குக் கரையில் சாளை மீன் படாமல் போய், ரின் அடைக்கிறவர்கள் வேறு வழியில்லாமல் சூரையை, அதுதான் இந்த ரூனாவை, அடைத்துப் பார்த்தார்களாம். அதுவரை அங்கே சூரையை மதிக்க ஆளில்லையாம். பிறகு அலுமாரியில் எப்போதும் கிடக்கிற மூன்று சாமான், மீன் ரின், மக்கரோனி, மயோனைஸ் போத்தல், இவற்றைச் சேர்த்துக் குழைத்துப் பெண்கள் தேவாலய விருந்துகளுக்குக் கொண்டுபோகத் தொடங்கினார்களாம். இரவிரவாகச் சமையல் பக்கங்கள்தான் பார்க்கிறாளாம். சாப்பாட்டைப் பற்றி இவ்வளவு ஆசையாகப் படிக்கிற பிள்ளை சாப்பிடாமல் போய்விடுமா? மனம் கொஞ்சம் குளிர்ந்தது.

மீனில் கைவைத்ததால் தலைக்குத் தோய்ந்தேன். தோய்ந்த பிறகு கீழே இறங்க முடியாது. ஆகவே மேற்படியில் கதவைத் திறந்துவைத்து நின்றேன். அவளுடைய முதுகு தெரிந்தது. நான் அங்கேதான் நின்றேன், முடியும்வரை நின்றேன்.

ஒக்டோபர் 15, செவ்வாய்

கோப்பை வெறுமையாக வந்தது. முருகா.

ஒக்டோபர் 18, வெள்ளி

நேற்று நிறுத்துப் பார்த்தார்கள். ஏறவில்லை. இத்தனை நாள் கோப்பை வழித்துத் துடைத்து வருகிறதே என்றேன். மரிசெல் ஆரணியைப் பார்த்தாள், ஆரணி நிலத்தைப் பார்த்தாள். உடம்பு திருந்தச் சில நாள் எடுக்கும்தானே. இன்றைக்கு மயோனைஸோடு இரண்டு கரண்டி ஒலிவ் எண்ணெயும் சேர்த்தேன். அவளுக்குத் தெரியாது.

ஆரணி தனியாகக் கதைத்தபோது சொன்ன ஒன்றை மரிசெல் அவளிடம் சம்மதம் கேட்டுக்கொண்டு என்னிடம் சொன்னாள். சாப்பிடாமல் இருக்கும்போதுதான் தனக்கு மனம் ஓரிடத்தில் நிற்கிறதாம். பதினாறு வயதில் மனம் நிற்காமல் ஓட இவளுக்கு என்ன குறை? நான் அந்த வயதில் பங்கருக்குள் இருந்தேன். அப்போது பிடிக்கத் தொடங்கியதுதான் என்னுடைய வெள்ளிக்கிழமை விரதமும். அன்றைக்கு மட்டும் பயம் கொஞ்சம் அடங்கும். அது வேறு கதை.

பின்னேரம் கமலாம்பிகை மச்சாள், இவருடைய தமக்கை, வந்தா. என்னைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கௌரி உம்மை நல்லா வைச்சிருக்கிறா, இருபது வயதுப் பெட்டை மாதிரி இருக்கிறீர்" என்றா. சட்டையெல்லாம் தொளதொளத்துவிட்டது, தைக்கக் கொடுக்க வேண்டும் என்றேன். பொய் சொல்லவில்லை, எனக்கு அது சந்தோசம்தான். ஆரணி கதவடியில் நின்று தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். மச்சாள் சாப்பிடச் சொன்னபோது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "நான் சாப்பிட்டிட்டன்" என்றோம். மச்சாள் சிரித்தா.

ஒக்டோபர் 24, வியாழன்

குறைந்துவிட்டது.

டொக்டர் அதிகம் கதைக்கவில்லை. இருதயத் துடிப்பு மெதுவாகிவிட்டது என்றார். இரண்டு கிழமை தருகிறேன், அடுத்த மாதம் ஏழாம் தேதி வரும்போது இப்படியே இருந்தால் வீட்டுக்கு அனுப்ப முடியாது, கட்டில் போட்டு மூக்கால் குழாய் விட்டுச் சாப்பாடு ஏற்ற வேண்டிவரும் என்றார். ஆரணி கேட்டுக்கொண்டே இருந்தாள். குழாய் என்றதும் என் சால்வை நுனியைப் பிடித்தாள்.

இவர் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். பிள்ளை பிறந்தபோதும் அழாத மனிசன்.

நான் சுவாமி அறையில் விளக்கேற்றி முருகனுக்கு நேர்த்திக்கடன் வைத்தேன். ஒவ்வொரு வருடமும் கந்தசஷ்டிக்குப் பின்னேரத்தில் பாலும் பழமும் எடுப்பேன். இந்த முறை ஆறு நாளும் வெறும் தண்ணீர். என் பிள்ளை சாப்பிட வேண்டும், அதற்கு நான் சாப்பிடாமல் இருக்கிறேன். அவருக்கு விளங்கும்.

ஒக்டோபர் 26, சனி

கீழே ஒரே நாற்றம். மீன் குசினி என்றால் மணக்கும்தான் என்று இத்தனை நாள் சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தேன். இன்றைக்கு உடுப்புத் தோய்க்க இறங்கினேன். மெஷினுக்குப் பின்னால் பழைய சவர்க்காரத் தூள் பெட்டி. தூக்கினால் பாரம். மூடியைத் திறந்தேன்.

எல்லாம் அதற்குள் இருந்தது. மக்கரோனி, பட்டாணி, செலறி. நான் களவாக ஊற்றிய எண்ணெய் கடதாசிப் பெட்டியின் அடிவழியே ஊறி நிலத்தில் திட்டாகிவிட்டது.

ஏச வேண்டும் என்றுதான் மேலே வந்தேன். ஆரணி ஹோலில் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். பெட்டி என் கையில் இருப்பதைக் கண்டாள். "படியிலை நிண்டா உங்களுக்கு என்ரை முதுகு மட்டும்தான் தெரியும் அம்மா" என்றாள். குற்றம் சொல்கிற மாதிரிச் சொல்லவில்லை, ஒரு தகவல் சொல்கிற மாதிரிச் சொன்னாள். அது இன்னும் மோசம்.

ஒக்டோபர் 27, ஞாயிறு

கதிரை ஒன்றைக் கீழே கொண்டுபோய்ப் போட்டு முன்னுக்கு இருந்தேன், விரதம் என்றாலும். அவள் எட்டுக் கரண்டி எடுத்தாள். ஒவ்வொரு கரண்டிக்கும் என் வெறுங்கையைப் பார்த்தாள்.

நவம்பர் 1, வெள்ளி

கௌரி விரதம் முடிந்தது. கோயிலில் விரதக் காப்பு நூல் வாங்க ஆரணியும் வந்தாள். எத்தனையோ வருடமாகக் கூப்பிட்டும் வராத பிள்ளை, தானாகவே பாவாடை தாவணி உடுத்திக்கொண்டு வந்து நின்றாள். தாவணியைக் குத்த இடமில்லாமல் ஊசியை மூன்று தரம் மாற்றிக் குத்தினேன்.

திரும்பி வரும்போது காருக்குள் சொன்னாள்.

"அம்மா, நானும் நாளைக்குச் சஷ்டி பிடிக்கப்போறன்."

என் கண் நிறைந்துவிட்டது. முதலில் வந்தது சந்தோசம், அதை மறைக்காமல் எழுதுகிறேன். அதற்குப் பிறகுதான் அவளுடைய தாவணியில் நான் மாற்றி மாற்றிக் குத்திய ஊசி கண்ணில் பட்டது. நீ வருத்தக்காரி, நோயாளிகளுக்கு விரதம் இல்லை என்றேன்.

"நீங்கள் ஆறு நாள் தண்ணியோடை இருந்தா பக்தி. நான் இருந்தா வருத்தமோ?"

இவர் காரை ஒரு கடை வாசலில் நிறுத்திவிட்டார். எவரும் ஒன்றும் வாங்கப் போகவில்லை.

நவம்பர் 2, சனி

சஷ்டி தொடக்கம். எனக்குத் தண்ணீர். அவளும் காலையில் ஒன்றும் தொடவில்லை.

கோயில் ஐயருக்கு ரெலிபோன் எடுத்தேன். சின்னப் பிள்ளைகள், நோயாளிகள், பிள்ளைத்தாய்ச்சிகள் பிடிக்கத் தேவையில்லை, பிடித்தாலும் முருகன் ஏற்றுக்கொள்ள மாட்டார் என்று அவளிடமும் சொன்னார். அவள் மரியாதையாகக் கேட்டுவிட்டு ரெலிபோனை வைத்தாள். மனம் இல்லாதவர்களுக்குத்தான் அந்தச் சலுகை, தனக்கு மனம் இருக்கிறது என்றாள். வாய்க் கெட்டித்தனம் எங்கிருந்து வந்ததென்று எனக்குத் தெரியும்.

இவர் கெஞ்சிக் கூத்தாடிப் பின்னேரம் ஒரு கப் பாலும் பாதி வாழைப்பழமும் எடுக்கவைத்தார். பிறகு குசினிக்குள் வந்து என்னிடம், "நீர் விட்டால்தான் அவள் விடுவாள்" என்றார். பிள்ளைக்காக வைத்த நேர்த்தி, இடையில் விட்டு அவளுக்கு ஏதும் நடந்தால் ஆர் பொறுப்பு என்று கேட்டேன்.

"விடாட்டி நடக்கப்போறதுக்கு ஆர் பொறுப்பு?"

நான் சுவாமிப் படங்களைத் துடைத்தேன்.

நவம்பர் 4, திங்கள்

மரிசெல் ரெலிபோன் எடுத்தாள். ஒளிக்க ஏலாமல் சஷ்டியைச் சொன்னேன். ஆரணியை நாளைக்குள் சாப்பிடவைக்க முடியாவிட்டால் வியாழனுக்குக் காத்திருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரச் சொன்னாள். பிறகு, நீங்கள் எத்தனை காலமாகச் சாப்பிடாமல் இருக்கிறீர்கள் என்று கேட்டாள். இது சமயம் என்றேன். சமயத்தைப் பற்றி நான் கேட்கவில்லை என்றாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எங்கள் விரதத்தைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும். அம்மா பிடித்தா, மாமி பிடிக்கிறா, ஊரே பிடிக்கிறது, எவருக்கும் மூக்கால் குழாய் விட்டதில்லை. நாள் முழுக்க மனதுக்குள் அவளோடு சண்டை பிடித்தேன். இவ்வளவு நேரம் சண்டை பிடிக்க வேண்டிய தேவை என்ன என்றும் யோசித்தேன்.

நவம்பர் 5, செவ்வாய்

மத்தியானம். இவர் வேலைக்குப் போய்விட்டார். ஆரணி தன் அறையிலிருந்து கீழே வந்துகொண்டிருந்தாள். படியின் நடுவில் கால் நின்றுவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல இருந்தாள். உதட்டில் நிறமே இல்லை. "ஒண்டுமில்லை, கொஞ்சம் இருந்திட்டு வாறன்" என்றாள்.

ஓடிப்போய்த் தூக்கலாம் என்று எழும்பினேன். எனக்கும் வீடு சுற்றியது. கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறி அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன். இருவரும் ஒரே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இருந்தோம். மெலிந்த விரல், புடைத்த மணிக்கட்டு, இரண்டு கையும் ஒரே மாதிரி இருந்தன. என் கையில் காப்பு நூல் இருந்தது, அது மட்டும்தான் வித்தியாசம்.

எனக்கு அப்போது வந்தது பயம். வேறு பெயர் வைக்க முடியாத பயம்.

அவளைக் குசினிக் கதிரையில் இருத்திவிட்டு நிலவறைக்குப் போய் மீன் ரின், மக்கரோனி, மயோனைஸ் எல்லாவற்றையும் மேலே கொண்டுவந்தேன். மேல் குசினியில், சுவாமி அறைக்கு நேர் முன்னால், சஷ்டி நாளில் மீன் ரின் திறந்தேன். பாஸ்தா பைக்கற் வெட்டிய கத்தரிக்கோலால் காப்பையும் வெட்டி மேசையில் வைத்தேன். ஆரணி அந்த நூலையே பார்த்தாள்.

எண்ணெயை அவள் பார்க்க ஊற்றினேன். எவ்வளவு என்பதையும் சொன்னேன். இரண்டு கோப்பை போட்டேன்.

"அப்ப உங்கடை நேர்த்தி?"

"அது எனக்கும் அவருக்கும் உள்ள கதை. நான் கதைச்சுக்கொள்ளுறன். நீ சாப்பிடு."

அவள் கரண்டியைத் தொடவில்லை. நான் தொடங்கினேன். முதல் கரண்டி இறங்கியது. குளிர்ந்த மக்கரோனி, மீன், கொஞ்சம் புளிப்பு, செலறி பல்லில் கடிபட்டது. ருசி மோசமில்லை. இரண்டாவதும் இறங்கியது. மூன்றாவது கரண்டியைத் தூக்கினேன், கை வாய்வரை வரவில்லை.

மச்சம் என்றபடியால்தான் என்று முதலில் நினைத்தேன். அதில்லை. கோப்பையில் இன்னும் எத்தனை கரண்டி இருக்கிறது என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். வயிறு வெறுமையாக இருக்கும்போது வருகிற அந்த அமைதி என்னை விட்டுப் போய்க்கொண்டிருந்தது, அதைப் போகவிட எனக்கு மனம் இல்லை. கரண்டியில் இருந்த பட்டாணி உருண்டு மேசையில் விழுந்தது. பிள்ளைக்கு முன்னால் அழக்கூடாது என்று பல்லைக் கடித்தேன், கண்ணீர் கேட்கவில்லை.

ஆரணி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மகள் தாயைப் பார்க்கிற பார்வை இல்லை அது. ஒரே ஊர்க்காரரை வழியில் கண்டவள் மாதிரிப் பார்த்தாள். கதிரையை இழுத்து எனக்குக் கிட்டப் போட்டாள்.

"அவசரமில்லை அம்மா," என்றாள். "நான் இருக்கிறன்."

சொல்லிவிட்டுத் தன் கரண்டியை எடுத்தாள்.

பின்னேரம் வரை எடுத்தது. சலாட் சூடாகி மயோனைஸ் இளகிவிட்டது. ஒருவர் நிற்கும்போது மற்றவர் பார்த்துக்கொண்டு இருந்தோம். இவர் வேலையால் வந்து குசினி வாசலில் நின்றார், மேசையில் கிடந்த நூலைக் கண்டார். சப்பாத்தைக் கழற்றாமலே வந்து ஒரு கதிரையை இழுத்துக்கொண்டு இருந்து, தனக்கும் ஒரு கோப்பை கேட்டார்.

நவம்பர் 7, வியாழன்

இன்றைக்குக் கோயிலில் சூரன்போர். நாங்கள் கிளினிக்கில்.

நிறை இன்னும் குறைந்துதான் இருந்தது. டொக்டர் கட்டிலுக்கு எழுதப் பேனாவை எடுத்துவிட்டார். மரிசெல் என் பக்கம் திரும்பி, முதல் நாள் கேட்ட அதே கேள்வியைக் கேட்டாள், ஆர் அவளோடு சேர்ந்து சாப்பிடுவது என்று. நான் வாயைத் திறக்க முதல் ஆரணி சொன்னாள்.

"அம்மா. இப்ப ரெண்டு நாளா."

மரிசெல் டொக்டரை வெளியில் கூட்டிக்கொண்டு போனாள். திரும்பி வந்து, இரத்தமும் இருதயமும் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை வரை தருகிறேன், அதற்குமேல் ஒரு நாளும் இல்லை என்றார் டொக்டர். போகும்போது மரிசெல் எனக்கும் ஒரு நாள் குறித்து ஒரு துண்டுக் கடதாசி தந்தாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

நவம்பர் 8, வெள்ளி

காலை: பாண் இரண்டு துண்டு, முட்டைப் பொரியல், பால். ஆரணியும் நானும். வெள்ளிக்கிழமை என்று எனக்குத் தெரியும்.